அன்று என் காது சுடவில்லை

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வந்ததாக நடித்தேன்.

என் குற்றம் இதுதான். இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். உலகத்தில் எவனுக்குத்தான் பொய்க்கோபம் வராது என்று சிரிக்கவும் செய்யலாம். சிரித்துக்கொள்ளுங்கள்... ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். அந்த ஒரு நடிப்பினால் ஒரு மனிதர் இன்று என் வீட்டுக் கூடத்தில் கட்டிலோடு கிடக்கிறார். என் மனைவி அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நடமாடினாள். நான் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன்.

துறைமுகத்தில் எனக்கு கிரேனுக்குக் கை காட்டும் வேலை. மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. என் கையைப் பார்த்துத்தான் அவர் சுமையை ஏற்றுவார், இறக்குவார். வேலையில் நான் நிதானமானவன் என்று பெயர் எடுத்தவன். அந்த நிதானத்தை எல்லாம் துறைமுக வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத் திருவொற்றியூரில் இருக்கும் வீட்டுக்கு வருவேன்! தட்டுகள் பறக்கும். மிக்ஸி ஜாடி ஒன்று சுவரில் மோதிச் சிதறிய தழும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. தேவகியும் சும்மா இருப்பவள் அல்லள். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவள். நான் ஒன்று சொன்னால் அவள் நான்கு சொல்வாள். தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

வேலூரில் நர்சிங் படிக்கும் எங்கள் மகள் ஒரு விடுமுறை முடிந்து கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். “இன்மே லீவுக்கு நான் ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன்.” அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அதனால்தான் நாங்கள் இருவரும் பயந்துபோனோம்.

ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தார் அந்த ஆலோசகர் அம்மா. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ தொழில் கற்றுக்கொடுப்பதுபோல ஆரம்பித்தார். பதில் சொல்வதற்கு முன்னால் எதிராளி சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். ‘நீ இப்படி’ என்று தொடங்காமல் ‘எனக்கு இப்படி இருக்கிறது’ என்று தொடங்குங்கள். சூடு ஏறும்போது முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொள்ளுங்கள். கோபத்தைப் பழகிக்கொள்ள வேண்டும், அது ஒரு கைத்தொழில் என்றார். இதற்கெல்லாமா பாடம் என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒருநாள் அவர் கேட்டார், தாங்க முடியாத எடையைத் தூக்கினால் கிரேன் என்ன செய்யும் என்று. மணி அடிக்கும் என்றேன். “உங்களுக்கு எது மணி?” என்றார். தேவகி என்னைக் காட்டிப் பட்டென்று சொன்னாள். “அதுக்கு காது செவந்துடும் மேடம். தொட்டா சுடும்.”

இருபது வருடம் என்னோடு வாழ்ந்தவள் என் மணி எங்கே அடிக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தாள்! எனக்கே தெரியாது.

அடுத்து, காது சுடும்போது சண்டையை நிறுத்த எங்களுக்கென்று ஒரு சொல் வேண்டும் என்றார் ஆலோசகர். நான் ‘ஆரியா’ என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. “யார் அந்தப் பொண்ணு?” என்று கேட்டார். தேவகி விழுந்து விழுந்து சிரித்தாள். துறைமுகத்தில் அது பழைய சொல். சுமையை இறக்கு என்று பொருள். வாக்கி-டாக்கி வருவதற்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துவோம். இப்போதும் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிடும். ஆலோசகருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. சட்டங்களும் வகுத்தார். காது சுடும்போது மட்டுமே ஆரியா. ஒருவர் சொன்னதும் மற்றவர் பாதிச் சொல்லிலேயே நிறுத்திவிட வேண்டும். பின்னாலேயே போகக் கூடாது, போன் செய்யக் கூடாது. சொன்னவர் வெளியே போய் ஆறிவிட்டு, அரைமணியில் தானாகத் திரும்பி வந்து, விட்ட பேச்சைத் தானே எடுக்க வேண்டும். சுமையை அந்தரத்தில் தொங்கவிட்டு ஆபரேட்டர் டீ குடிக்கப் போகலாமா என்று என் தொழிலை வைத்தே எனக்குப் புத்தி சொன்னார்.

நம்புங்கள், பலித்தது! மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை. ஆரியா சொல்லிவிட்டுப் போவேன், காது ஆறும், வருவேன். தேவகி எனக்கு டீயை நீட்டி, “ம், இப்ப சொல்லு” என்பாள். பாதி நேரம் எதற்குச் சண்டை என்பதே மறந்துபோயிருக்கும். மகள் தீபாவளிக்கு வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போனாள்.

நல்ல கத்திதான். அதை வைத்து நான் என்ன அறுத்தேன் என்று கேளுங்கள்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பயன் இருப்பதை மெல்ல மெல்லக் கண்டுபிடித்தேன். அதைச் சொன்னால் அவள் வாய் மூடிவிடும்! பிடிக்காத பேச்சு எதுவாயினும் சரி... காது சுட வேண்டிய அவசியம்கூட இல்லை. அவள் சட்டத்தை மதிப்பவள். நான் சட்டத்தைத் தெரிந்தவன். இரண்டுக்கும் எவ்வளவு தூரம், பார்த்தீர்களா?

எனக்குப் பிடிக்காத பேச்சுகளில் முதன்மையானது அவள் அப்பா. அவரைத் தேவகி நைனா என்பாள். மணலிக்கு அப்பால், சடையங்குப்பத்தில் தனியாக இருந்தார். பெருமழை வந்தால் தண்ணீர் முதலில் தேடி வரும் இடம் அது. அவரை நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்பாள் அவள். எங்கள் வீடு இருப்பதோ ஒரு கூடம், ஒரு அறை. இடம் இல்லை என்பேன். உண்மை அது அல்ல. எங்கள் கல்யாணப் பந்தலில், “மூட்டை தூக்குறவனுக்கா என் பொண்ண குடுத்தேன்” என்று அவர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. இத்தனை வருடம் அதை நான் வட்டிபோட்டு வளர்த்து வந்தேன்.

அன்று விடாத மழை. கடையைச் சீக்கிரமே மூடிவிட்டதால் தேவகி பொழுதோடு வந்துவிட்டாள். நானும் நனைந்து வந்து லுங்கி மாற்றிக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் போன் வந்தது. நைனாதான். அவள் பேசியதை எல்லாம் நான் கேட்டேன். ‘கேட்டேன்’ என்பதைக் கவனியுங்கள். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

“வாசப்படி வரிக்கும் வந்துச்சா? நைனா, நீ எங்கியும் இறங்காத. அங்கியே இரு. தோ, மாமாவ அனுப்பறேன்.”

மாமா என்றது என்னைத்தான். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சண்டை இல்லை, பயம்தான் இருந்தது. என் கை தானாகக் காது மடலைத் தொட்டது. ஐஸ் மாதிரி இருந்தது!

ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இந்த மழையில் மணலி தாண்டி வண்டி ஓட்ட வேண்டும். போய் அழைத்து வந்தால் அந்த ஆள் இங்கேயேதான் இருப்பார், திரும்பிப் போக மாட்டார். தண்ணீர் வருவதும் வடிவதும் அங்கே புதிதா என்ன? வேறு யாராவது கூட்டிப் போகட்டுமே...

“மாமா, நைனா கீறாரில்ல, அங்க தண்ணி...”

“ஆரியா” என்றேன்.

அப்படியே நின்றுவிட்டாள். மீதிச் சொல்லை அவள் விழுங்கியதை அவள் தொண்டையில் பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முனையில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு டீ, பிறகு இன்னொன்று. அரைமணி போனது தெரியும். எழுந்திருக்கவில்லை. மழை கொஞ்சம் விடட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையிலிருந்த போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. பரவாயில்லை, பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஐயோ... அப்படித்தான் நினைத்தேன்!

தெருவில் கரண்ட் போன பிறகுதான் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் இருட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்காகத் துண்டும் என் பழைய சட்டையும் வைத்த பை கையில் இருந்தது.

“இப்ப சொல்லட்டா?” என்றாள்.

போனோம். மணலி தாண்டியதும் சாலையே இல்லை, தண்ணீர்தான். அதற்கு மேல் யாரையும் விடவில்லை. அவர் போனும் அணைந்துவிட்டது. மறுநாள் விடிந்து படகில்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தெருவில் ஆட்களை ஏற்றிக்கொள்ள மாலையில் ஒரு டிராக்டர் வந்ததாம். என் மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லி அவர் ஏற மறுத்திருக்கிறார். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது பரணில் ஏறப் பார்த்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தும் கால் ஊன்ற முடியவில்லை. இனி ஊன்றுவது கடினம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த முறை ஆலோசகரிடம் போனபோது தேவகி அழுதாள். “நான்தான் நைனாவ அங்கியே இருன்னு சொன்னேன். ரூல்ஸு ரூல்ஸுன்னு ஒரு போனாவது பண்ணாம நின்னுட்டேன். இது மேல தப்பு இல்ல மேடம், இதுக்கு கோவம் வந்துச்சு, சொல்லிட்டுப் போச்சு.” ஆபத்து நேரத்தில் எந்தச் சட்டத்தையும் உடைக்கலாம், அதை முன்பே சொல்லாதது தன் தவறு என்றார் ஆலோசகர். பிறகு என்னைப் பார்த்து, கோபத்தை அடையாளம் கண்டு விலகிப் போனதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம் என்றார்.

தலையை ஆட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இரண்டு பெண்கள் என் குற்றத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் கைக்குட்டை எடுத்து முகம் துடைத்தேன்! முதல் பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் கீழ்த்தரமானது. முதலாவது சோம்பலிலும் வன்மத்திலும் வந்தது. இரண்டாவது, நன்றாக யோசித்துச் செய்தது.

அதன்பின் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் மாமனாரைக் குழந்தைபோல் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவேன். என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். “நீ என் புள்ள மாதிரி மாப்ள” என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப்போல் மருமகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

தேவகியோ என்னிடம் பேச வாயெடுக்கும் முன் என் காதைப் பார்க்கத் தொடங்கினாள். சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்குக்கூட... முதலில் காதைப் பார்ப்பாள், பிறகு, “இப்ப சொல்லட்டா?” என்பாள். தெருவே கேட்கக் கத்தியவள்! எங்கள் வீடு அமைதியானது என்று மகள் மகிழ்ந்தாள். அந்த அமைதியைத் தாங்க என்னால் முடியவில்லை.

முடிவு செய்தேன். ஆலோசகரின் அறையில் சொல்லக் கூடாது. அங்கே சொன்னால் அதுவும் ஒரு பயிற்சி ஆகிவிடும், பாராட்டு கிடைத்தாலும் கிடைக்கும். மன்னிப்புக் கேட்கக் கூடாது; கேட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். முக்கியமாக, அழக் கூடாது. நான் அழுதால் அவள் தன் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னைத் தேற்ற வருவாள், எனக்குத் தெரியும். நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். மூன்று பேர் கூடினாலே மூச்சு முட்டும் அந்த வீட்டில்தான் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமனார் கண்ணயர்ந்திருந்தார். முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தேவகி கடம்பா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் என் காதைப் பார்த்தாள்.

“அன்னிக்கு என் காது சுடல தேவகி. நீ போன்ல பேசுனது எல்லாம் கேட்டுச்சு. எனக்கு போவ இஷ்டமில்ல. அதான் சொன்னேன்.”

கையிலிருந்த மீனைச் சட்டியில் வைத்தாள். கையைக் கழுவினாள். நீண்ட நேரம் கழுவினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“ஆரியா.”

அந்தச் சொல்லை அவள் அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பின்னால் போகவில்லை. போன் செய்யவில்லை. சட்டியில் பாதி சுத்தம் செய்த மீனுக்குமுன் நின்றேன். திரும்பி வராமல் போனால்? போகட்டும், அது அவள் உரிமை என்று நினைத்துப் பார்த்தேன்... நெஞ்சு கேட்கவில்லை. அன்று இப்படித்தானே அவளும் நின்றிருப்பாள்?

அரைமணியில் வந்துவிட்டாள். மழை விடட்டும் என்று எங்கேயும் உட்காராதவள் அவள். கண்கள் வீங்கியிருந்தன. நேராகக் கூடத்துக்குப் போய், கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தனக்கு அல்ல, எனக்கு.

“வந்துட்டேன். மொதல்லேர்ந்து சொல்லு. நைனா காதுல வுழுற மாதிரி சொல்லு.”

மாமனார் விழித்துக்கொண்டு, “இன்னா மாப்ள?” என்று சிரித்தார்.

சொன்னேன். டீக்கடையில் குடித்த இரண்டாவது டீ வரைக்கும் சொன்னேன். முடித்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மிக்ஸி ஜாடி பட்ட தழும்பு இருக்கும் சுவர் அது.

மறுநாள் காலையிலும் அவரைத் தூக்கப் போனேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவருக்கு வேறு பிடி ஏது? மாப்ள என்று கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை. தேவகி என்னிடம் பேசுகிறாள், ஆனால் என் காதைப் பார்த்துவிட்டுப் பேசுவதில்லை. நேராக என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். அது மன்னிப்பு அல்ல என்பது அந்தப் பார்வையிலேயே தெரிகிறது.

நாளைக் காலையிலும் அவரைத் தூக்குவேன். இன்றைவிடக் கனமாகத்தான் இருப்பார். இறக்கி வைக்க நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை.