மலைப் பெயர் ஒன்றும் இல்லாத நோட்டு

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, பெண்கள் வார்டில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தோம். வைத்தியம் செய்கையில் எங்கள் கையால் நோயாளிக்குக் காயம் பட்டுவிட்டால் அதில் எழுத வேண்டும். குளுக்கோஸ் நரம்பை விட்டு விலகிக் கை வீங்கியது, வெந்நீர்ப் பை பட்டுக் கால் கொப்பளித்தது என்று நான்தான் எழுதுவேன்.

ஒரு மதியம் வார்டு ஓய்ந்திருந்த நேரத்தில் அதை முதலிலிருந்து புரட்டினேன். சங்கராபுரம், கச்சிராயபாளையம், திருநாவலூர் என்று கீழ்நாட்டு ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. கல்வராயன் மலையிலிருந்து வந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் எப்போதும் நாலைந்து கட்டிலில் மலைப் பெண்கள் படுத்திருப்பார்கள்.

தலைமை நர்ஸிடம் காட்டினேன். "அவங்க ஒடம்பு கெட்டி. நம்மள மாதிரியா?" என்றார்.

எனக்குச் சமாதானமாகவில்லை. வாந்தி பேதியோடு வெகுதூரம் நடந்து இறங்கி வரும் அந்தப் பெண்களுக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம். மூன்று நான்கு இடத்தில் குத்துவேன். அப்படியிருக்க அவர்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை?

சில மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போட மலைக்குப் போனேன். பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசை நின்றது. இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னத் தெரியலீங்களா? மூணாவது கட்டில்ல இருந்தேனே."

தடுப்பூசி அட்டையை நீட்டிய அவள் புறங்கையில் தோல் சுருங்கிப் பளபளத்தது. கடைசி இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

"இன்னாம்மா இது?"

"நீங்க குளுக்கோஸ் ஏத்துன எடந்தாங்க. வூட்டுக்கு வந்தப்புறம் புண்ணாயிடுச்சி."

"வலிக்குதுன்னு அப்பவே ஏன் சொல்லல?"

"மருந்துன்னா எரியும்னு நெனச்சிக்கினேன். கைய ஆட்டாம படுத்துக்கினு இருன்னு நீங்கதான சொன்னீங்க? ஆட்டவே இல்லீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சொன்னபடி நடந்துகொண்டேன் என்ற பெருமிதம்தான் அவள் குரலில் இருந்தது.

ஊசி போட்டு முடித்ததும், ஆஸ்பத்திரியில் இப்படி வேறு யாருக்காவது ஆகியிருக்கிறதா என்று கூட்டத்தில் கேட்டேன். ஒருத்தி குதிகாலில் வெந்நீர்ப் பை சுட்ட தழும்பைக் காட்டினாள். இன்னொருத்தி ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து உடைந்த கதையைச் சொன்னாள். ஒன்றுமே எங்கள் நோட்டில் இல்லை.

திரும்பியதும் தலைமை நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கீழ இருக்கறவங்க கத்துறாங்க, எழுதுறோம். இவங்க கத்தல, எழுதல" என்றேன். அவர், "இனிமே கேட்டுக்கினு நிக்காத. போர்வைய வெலக்கி நீயே தொட்டுப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து மணிக்கொரு தடவை ஒவ்வொரு கையையும் தொட்டுப் பார்த்தோம். வேலை செய்து காய்த்துப்போன தோலில் வீக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நோட்டில் மலைப் பெயர்கள் வர ஆரம்பித்தன. சீக்கிரமே கீழ்நாட்டுப் பெயர்களைவிடக் கூடுதலாயின. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சிஸ்டர், திடீர்னு இவங்களுக்கு ஜாஸ்தியா ஆவுது?" என்று கேட்டார்.

"திடீர்னு இல்ல சார். இப்பதான் தெரியுது."

அவர் நோட்டை வாங்கிப்போய் உட்கார்ந்து படித்தார். மலையிலிருந்து வறண்டுபோய் வருபவர்களுக்கு முதலில் வாயால் உப்புக்கரைசல் கொடுத்துப் பார்த்து, அப்புறம் குளுக்கோஸ் ஊசிக்குப் போகலாம் என்று வழக்கத்தை மாற்றினார். காயங்கள் மெல்லக் குறைந்தன.

மூன்றாவது கட்டில்காரிக்குச் சொல்லி அனுப்பி வரவழைத்தேன். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து விரல் பயிற்சி செய்தாள். மோதிர விரல் மடங்கிவிட்டது. சுண்டுவிரல் கடைசிவரை மடங்கவில்லை. அவள் பெயரை நோட்டில் ஏற்றி, ஊசி போட்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.