ரிலேயின் நாடி பார்த்தவர்

கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் அவரைத் தெருவில் எல்லோரும் நாடிக்காரர் என்றே அழைத்தார்கள். எந்த வண்டி வந்தாலும் முதலில் பானட்டைத் திறந்து, ஓரத்துக் கறுப்புப் பெட்டியில் வரிசையாகச் செருகியிருக்கும் ரிலே எனும் சின்னப் பெட்டிகளில் ஒன்றின் தலையில் விரலை வைப்பார். சாவியைத் திருகச் சொல்வார். விரலுக்கடியில் ‘டக்’ என்று ஒரு துடிப்பு வந்தால் ரிலே நன்றாக இருக்கிறது. வராவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்று. பத்தொன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. பெரிதாகக் கெட்ட பெயரும் வரவில்லை.

அவருடைய அக்காவின் பள்ளிக்கூட வேன்தான் அவரைக் குழப்பியது. பிள்ளைகளோடு போகும்போது எஞ்சின் கொதித்து நடுரோட்டில் நின்றுவிடுகிறது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. முதல் முறை ஃபேன் மோட்டாரை மாற்றினார், சுற்றியது. நான்காம் நாள் வேன் நின்றது. சூடு பார்க்கும் சுவிட்சை மாற்றினார், சுற்றியது. மறுபடி நின்றது. இன்னொரு முறை நின்றால் டிரிப்பை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளி அலுவலகம் சொல்லிவிட்டது. ஏழு வருடமாக அக்கா தனி ஆளாக ஓட்டிக் கட்டிக்காத்த டிரிப் அது.

மூன்றாம் முறை வேன் ஷெட்டுக்கு வந்தபோது அவர் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ரிலேயின் மேல் விரல் வைத்தார். டக். ஃபேன் அசையவில்லை. மறுபடி டக். இப்போது ஃபேன் சுற்றியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். டக் வந்தது, ஃபேன் வரவில்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டி, அது என்னதான் செய்கிறது என்று அக்கா கேட்டார். அவர் சொன்னார்: ஃபேனுக்கு வேண்டிய பெரிய கரண்டைச் சின்ன சுவிட்ச் தாங்காது, உருகிவிடும். அதனால் சுவிட்ச் கொஞ்சம் கரண்டை மட்டும் ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்கு அனுப்பும். சுருள் காந்தமாகி ஓர் இரும்பு நாக்கை இழுக்கும். நாக்கு போய் ஒட்டியதும் பெரிய கரண்டு அதன் வழியாக ஃபேனுக்குப் போகும். அந்த நாக்கு ஒட்டும் சத்தம்தான் டக்.

“சத்தம் வந்தா வேல நடந்துருச்சுன்னு நீயா முடிவு பண்ணிக்குவியா?” என்றார் அக்கா. “உங்க மாமா கூடத்தான் கூப்பிட்டதும் ‘தோ வரேன்’னு சொல்றாரு. எந்திரிச்சு வந்திருக்காரா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ரிலேயைப் பிடுங்கி, மூடியை நெம்பினார். நாக்கின் நுனியும், அது ஒட்டும் இடமும் கரியாகிக் குழிவிழுந்திருந்தன. பேட்டரியில் மாட்டி, மறுபக்கம் ஒரு பல்பைக் கோத்துப் பத்து முறை இயக்கினார். பத்து முறையும் டக் வந்தது. பல்பு ஆறு முறை எரிந்தது, இரண்டு முறை மங்கியது, இரண்டு முறை எரியவேயில்லை. எந்த முறை எரியும் என்று விரலுக்குத் தெரியவில்லை. நாக்கு ஒட்டுவது வேறு, கரண்டு கடப்பது வேறு என்பது படித்த காலத்திலேயே அவருக்குத் தெரியும். தெரிந்தது எப்படி இத்தனை வருடம் விரலுக்கு வந்து சேராமல் இருந்தது என்பதுதான் விளங்கவில்லை.

புது ரிலே போட்டார். ஃபேன் சுற்றியது. ஆனால் முன்பும்தானே சுற்றியது? இது நிற்காது என்று எதை வைத்துச் சொல்வது?

“நாளைக்கு நானும் கூட வரேன்க்கா” என்றார்.

காலையில் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே முன் சீட்டில் உட்கார்ந்து, சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு போனார். பள்ளி வாசலில் நீண்ட வரிசை. வண்டி நகரவில்லை; முள் ஏறியது. பாதியைத் தாண்டியதும் முன்னால் ஃபேன் இரைந்தது. முள் மெல்ல இறங்கியது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது.

அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஃபேன்தான் சுத்துதே, எறங்குடா. சாயங்காலமும் வந்துராத, அந்த சீட்ல டீச்சர் உக்காரணும்.”

இறங்கினார். ஷெட்டை நோக்கி நடக்கும்போது, டக் கேட்டதை நம்பி அவர் அனுப்பிவைத்த வண்டிகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. அவற்றில் எத்தனை எங்கே நின்றனவோ, யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.