ஹோட்டல் மேடையில் பாடிய எங்கள் அம்மா

அம்மாவின் இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேருக்குத் தலைப்பே பிடித்திருக்காது. தெரிந்துதான் வைத்தேன்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகளாகப் பிறந்தார் அம்மா. பள்ளிக்கூடம் போனதில்லை. புதுச்சேரியில் வேலை செய்த வீட்டில் ஓடிய இசைத்தட்டுகளைக் கேட்டே பழைய ஆங்கிலப் பாட்டுகளைக் கற்றார். டிரம்பெட், சாக்ஸபோன் என்று பன்னிரண்டு பேர் வாசித்த ஹோட்டல் பேண்டில் ஒன்பது வருடம் அவர்தான் பாடகி. தாளத்துக்கு ஒரு மூச்சு பின்தங்கியே பாடுவார். தவறவிட்டுவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வார். நான் சிதம்பரத்தில் தங்கி ஆங்கில இலக்கியம் படித்து, நம் குடும்பத்தின் முதல் பட்டதாரியான பிறகே எனக்கு ஒன்று புரிந்தது: பொருள் தெரியாமல் பாடிய வரிகளிலும் அழுத்த வேண்டிய சொல்லைத்தான் அவர் அழுத்தியிருக்கிறார்.

உறவினர்களான உங்களுக்கோ அவர் 'கிளப்புல ஆடறவ'. உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி பரிமாற அழைத்தீர்கள். மேடையில் யார் யாரையோ பாடவிட்டீர்கள். அம்மா ஒருமுறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வரவில்லை.

சென்ற ஆண்டு அம்மா இறந்த அன்று, செம்மண்டலத்தில் அவருடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். அம்மா மைக் பிடித்துப் பாடும் படம். மைக்கை மட்டும் அழிக்கச் சொல்லியிருந்தார். பாடத் திறந்த வாய்க்கு முன்னால் மூடிய கை நின்றது. "அம்மா கடைசில இருமிக்கினே இருந்தாங்களா பாப்பா?" என்று டீக்கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

இந்தக் கட்டுரைக்கும் மாமா யோசனை சொன்னார்.

"மாதா கோயில் கொயர்ல பாடுனாங்கன்னு ரெண்டு லைன் எழுதிடு பாப்பா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"அம்மா கோயில்ல பாடுனதே இல்ல மாமா. பாடட்டுமான்னு அவுங்க கேட்டப்ப, கிளப்புல பாடுன வாய் இங்க வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

இந்த மலரின் அட்டையில் இருப்பது மைக்குடன் உள்ள படம்.

கடைசி மூன்று மாதமும் மஞ்சக்குப்பத்திலிருந்து தினம் வந்து அம்மாவைக் குளிப்பாட்டிய செவிலியர் அக்காவுக்கு நன்றி. அம்மாவுடன் டிரம்பெட் வாசித்தவர், சரியாக நடக்க முடியாத நிலையிலும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி அடக்கத்துக்கு வந்தார். அம்மா பாடிய கேசட் ஒன்றை இத்தனை வருடம் காப்பாற்றி என்னிடம் கொடுத்தார். அவருக்கு நன்றி.

மற்றவர்களுக்கு ஓர் அறிவிப்பு மட்டும். இன்று திருப்பலிக்குப் பின் கோயிலின் பங்கு மண்டபத்தில் அந்தக் கேசட்டிலிருந்து நான்கு பாட்டுகள் போடப்படும். அவை முடிந்த பிறகுதான் சாப்பாடு.