என் வயல் வழியில் ஒரு சுமைதாங்கி

எங்கள் ஊருக்கென்று சிறப்பு எதுவும் கிடையாது. ஒரு குளம், ஒரு அம்மன் கோயில், ஒரு டீக்கடை. வரலாறு என்று பார்த்தால் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று உண்டு. நடந்து போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்டது. ரோடு போட்டபோது பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இப்போது குளத்துப் படித்துறையில் அதன்மேல்தான் துணி துவைக்கிறோம். யாரும் அதைப் படம் எடுத்ததில்லை.

பக்கத்து வயல்களில் சூரியகாந்தி பூத்த சமயம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். என் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையின் முகப்பில் மரச்சட்டம், சாக்கு, பிளாஸ்டர் எல்லாம் வைத்து ஒரு சுமைதாங்கி செய்தார்கள். பெயிண்ட் அடித்ததும் நிஜக் கல்லைவிட நன்றாக இருந்தது. படம் பிடித்ததும் எடுத்துவிடுவோம் என்றார்கள். எடுக்கவில்லை.

குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பூப் பார்க்க வந்தவர்கள் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். டீக்கடைக்காரன் அவர்களுக்கு ஒரு கதை சொன்னான். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்த ராணிக்கு ராஜா நட்டதாம். யாரோ குங்குமம் வைத்தார்கள். அப்புறம் யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள்.

புரட்டாசியில் என் நெல் அறுப்புக்கு நின்றது. மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும். அறுவடை மெஷின் வந்து, நுழைய இடமில்லாமல் சுமைதாங்கி முன் நின்றது. வேறு பாதை இல்லை. டீக்கடைக்காரன் நாலு பேரோடு ஓடி வந்தான்.

"எக்கா, அதுல கை வைக்காதீய. ஊர் வரலாறு."

"ஏலே, இதுக்குப் பெயிண்ட் அடிச்சவனுக்கு டீ கொடுத்ததே நீதானலே."

"டீ கொடுத்தேன். அதுக்காக ராணி சாகலன்னு ஆயிருமா?"

"எந்த ராணிலே?"

"பேரு தெரியல. படிச்சவங்களே கும்பிடுதாவ. ஒங்களுக்கு என்ன?"

"எனக்கு நெல்லு நனஞ்சிரும்."

"சீக்கிரம் சொல்லுங்க, அடுத்து வடகரைக்குப் போகணும்" என்றார் மெஷின் டிரைவர்.

காலால் ஓங்கி ஓர் உதை விட்டேன். ராணியின் நினைவுச்சின்னம் மல்லாந்து விழுந்தது. வெடித்த இடத்தில் உரச்சாக்கு தெரிந்தது. நாலு பேரும் சாக்கைப் பார்த்தார்கள். பிறகு வழி விட்டார்கள். மழை இறங்குவதற்குள் நெல் வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் உடைந்த துண்டுகளை டீக்கடைக்காரன் கடையோரம் அடுக்கி வைத்திருந்தான். காரில் வந்த ஓர் அம்மா, யார் இடித்தது என்று கேட்டார்.

"எதிரிப் படைம்மா. அந்தக் காலத்துல வந்து இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாவ. ஈவு இரக்கம் இல்லாத கூட்டம்."

எதிரிப் படை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லியிருந்தேன். போடவே இல்லை.