சட்டிச் சோறும் பிரஷர் மெஷினும்

மாரடைப்பில் போன பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, நெஞ்சைப் பிடிக்கப் போகும் அடுத்த ஆள் அப்பாதான் என்று முடிவுகட்டினேன். அரியாலையில் எங்கள் வீட்டில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை. அப்பா பஸ் ஓட்டுகிறவர். பகல் முழுக்க சீட்டில் இருந்தபடியே இருப்பார், சிகரெட் பிடிப்பார், வயிறு ஸ்டியரிங்கைத் தொடும். கம்பஸில் உயிரியல் படிக்கிற எனக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

லீவிலேயே வேலையைத் தொடங்கினேன். அப்பாவுக்குக் கருவாட்டுப் பொரியல் தடை, மோர் மிளகாய் தடை. பின்னேரத்தில் அவரை எங்கள் ஒழுங்கை றோட்டில் ஏறும் இடம்வரை நடத்திக்கொண்டு போவேன்.

"என்ன பிள்ளை, மாட்டைச் சந்தைக்குக் கொண்டு போறியோ?" என்று பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் கேட்டார்.

"விலை படியேல்லை, திருப்பிக் கொண்டு வாறாள்," என்றார் அப்பா.

அம்மா வழக்கம்போலவே பொரித்தார். அப்பாவின் தட்டிலிருந்து கருவாட்டை எடுத்துத் திரும்பச் சட்டியில் போடுவது என் பொறுப்பு. அம்மா ஒல்லி. விடிய எழும்பினால் படுக்கும்வரை ஓர் இடத்தில் இருக்கமாட்டார். ஆகவே அவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. முற்றம் கூட்டும்போது இடையில் நின்று தாடையைப் பிடித்துக்கொள்வார். "வாய்வு" என்பார். நானே இஞ்சி இடித்துக் கொடுத்தேன்.

கனடாவிலிருந்து சித்தி பிரஷர் மெஷின் அனுப்பினார். அப்பா கையை நீட்டவில்லை.

"முதல் கொம்மாவுக்குப் போட்டுக் காட்டு. அவள் தப்பினால் நானும் வாறன்."

அம்மாவுக்கு இலக்கம் எங்கேயோ ஏறி நின்றது. அப்பாவுக்குக் கொஞ்சம்தான் கூட. வேலிக்கு மேலால் கை நீட்டிய மாமாவுக்கும் பரவாயில்லை. மறுபடி அம்மாவுக்குப் போட்டேன். இறங்கவில்லை. மெஷின் அம்மாவுக்கு மட்டும் பிழையாகக் காட்டுகிறது, கடையில் மாற்ற முடியுமா என்று சித்திக்கு வாட்ஸப்பில் கேட்டேன்.

சித்தி உடனே கோல் எடுத்தார். "விசரி! மெஷினை வைச்சிட்டு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போடி!"

ஈசிஜி எடுத்த டொக்டர், நடந்தால் வந்து நின்றால் போகிற அந்தத் தாடை நோவு வாய்வு இல்லை, இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கலாம் என்றார். நல்ல காலம், நேரத்துக்கு வந்திருக்கிறோமாம். பிறகு, சாப்பாடு எப்படி என்று கேட்டார்.

"நான் பெரிசா ஒண்டும் சாப்பிடுறேல்லை, டொக்டர். எல்லாரும் சாப்பிட்ட பிறகு பொரிச்ச சட்டியிலை சோத்தைப் போட்டுப் பிரட்டித் தின்னுவன். உவரின்ரை தட்டிலையிருந்து பிள்ளை எடுத்துப் போடுற கருவாடும் கிடக்கும். எறியேலுமோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே மாரடைப்பு விளம்பரம் ஒன்று இருந்தது. அதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மீசை வைத்த ஒரு தடித்த ஆள்.

அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். என் பிரசங்கத்தால் இல்லை. பக்கத்தில் புகைத்தால் அம்மாவுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னதால்.

இப்போது அம்மா எங்களோடு இருந்துதான் சாப்பிட வேண்டும். அது அப்பாவின் சட்டம். நேற்று அவரே, சட்டியில் மிஞ்சியதை வழித்து மதிலில் காகங்களுக்கு வைத்துவிட்டு வந்து, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் பிரஷர் குளிசையை வைத்தார்.

"பாவம், அதுகளுக்கும் பிரஷர் வரப்போகுது," என்றார் அம்மா.

"அதுகள் பறக்குதுகள். நீ இருந்து சாப்பிடு."

அம்மா இருந்தார். வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.