கால்வாயில் வந்த சிவப்புத் தண்ணீர்

அப்பாவின் கோழிக்கடைக்கு உரிமம் வாங்கித் தருகிறேன் என்று குதித்துக்கொண்டு கிளம்பியது நான்தான். வேதியியல் பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார எனக்கு வராது. வேங்கிக்காலில் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கும் தெருவில் எங்கள் கடை. அங்கேயே அறுத்து, உரித்து, வெட்டி விற்கிற சின்னக் கடை. அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகுதான் உரிமம் என்று தெரிந்ததும், விதிகளைப் போனில் தேடிப் படித்து அப்பாவைப் பாடாய்ப் படுத்தினேன். உயிர்க்கோழிக் கூண்டு தனி, அறுக்கும் இடம் தனி. சுவரில் டைல்ஸ். கழிவுக்கு மூடி போட்ட டிரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தெருக் கால்வாய்க்குப் போகக் கூடாது. பின்பக்கம் தொட்டி கட்டி அதில்தான் விட வேண்டும்.

"வந்துட்டாங்க கலெக்டரம்மா" என்பார் அப்பா, நான் கடைக்குள் நுழைந்தாலே. ஆனாலும் சொன்னதையெல்லாம் செய்தார். கொத்தனாரைக் கூப்பிட்டுத் தொட்டியும் கட்டினார்.

அவர் செய்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல, பயம். அடுத்த தெரு ஆட்டுக்கறிக் கடையில் ரத்தம் கால்வாயில் ஓடியதென்று சீல் வைத்திருந்தார்கள். பூட்டைச் சுற்றிய வெள்ளைத் துணியையும் அதன்மேல் இருந்த அரக்கையும் போகும்போதும் வரும்போதும் பார்த்தோம். எங்களுக்கும் அப்படி ஆனால் வேறு வரும்படி கிடையாது. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மட்டும் ராத்திரி சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டாள்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் காலையில் ஒரு கோழியைக்கூட அறுக்கவில்லை. தரையைக் கழுவிக் கழுவிக் கடை ஆஸ்பத்திரி மாதிரி நாறியது. அம்மா ஒரு தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். புது டைல்ஸுக்குக் கண் பட்டிருக்குமாம். அப்பாவை வாசலில் நிறுத்திச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் பைக் சத்தம்.

"அய்யோ, வந்துட்டாருடி." வாசலில் ஊற்ற வேண்டிய ஆரத்தியை எடுத்துக்கொண்டு அம்மா பின்பக்கம் ஓடினாள்.

அதிகாரி அதிகம் பேசாத ஆள். கூண்டைப் பார்த்தார். கத்தியைத் திருப்பிப் பார்த்தார். அப்பாவின் நகத்தைக்கூடப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் "ம்" என்ற ஒரே பதில். பிறகு தெருப்பக்கம் போய், கடைப்படிக்கு அடியில் குனிந்தார். நிமிரவே இல்லை.

"பெரியவரே, இங்க வாங்க."

படிக்குக் கீழே ஒரு பழைய பைப்பின் வாய். அதிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வடிந்து கால்வாயில் கலந்துகொண்டிருந்தது. ரத்தம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது அவரும் அதைத்தான் நினைக்கிறார் என்று தெரிந்தது.

"காலைல இருந்து ஒண்ணுகூட அறுக்கலைங்க சார்."

"அப்ப இது இன்னா?"

அம்மா காலித் தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். "ஆரத்திங்க சார்."

"ஆரத்தியா? கோழிக்கு கல்யாணமா பண்றீங்க?" அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் ஒரு கதை சொல்றாங்க."

எனக்கு உடனே பொறி தட்டியது. கடையில் கிடந்த பிளாஸ்டிக் கப்பில் அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். ஷட்டரில் மிளகாயோடு கட்டியிருந்த எலுமிச்சையைப் பிடுங்கினேன். "திருஷ்டிக்குக் கட்டினதுடி, தொடாத" என்று அம்மா பதறினாள். பாதியாக அறுத்துக் கப்பில் பிழிந்தேன். சிவப்பு கரைந்து மஞ்சளானது.

"சுண்ணாம்பு பட்டா மஞ்சள் சிவக்கும் சார். புளிப்பு பட்டா பழையபடி ஆயிடும். ரத்தம்னா இப்படி ஆகாது."

அவர் கப்பை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "சரிம்மா. ரத்தம் இல்ல." நான் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். "எங்க ஊத்தினீங்கம்மா?" என்று அதிகாரி அம்மாவிடம் கேட்டார்.

"பின்னாடி, கோழி கழுவற எடத்துலங்க. ஒரு பக்கெட் தண்ணியும் ஊத்தி விட்டேன்" என்றாள் அம்மா, சுத்தத்தில் குறை வைக்காதவளாக.

"பின்னாடி ஊத்தினது தொட்டிக்குத்தானே போகணும்? முன்னாடி எப்படி வந்துச்சு?"

கையில் கப்போடு நின்றேன். ரத்தமில்லை என்று நிரூபித்த அதே கையால், ரத்தம் வரும் வழியையும் காட்டிக் கொடுத்திருந்தேன்.

அப்பா கொத்தனாருக்குப் போன் போட்டார். முதல் தடவை வேறு யாருக்கோ போனது. அதிகாரி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"தெருவுக்குப் போற பழைய பைப்பையும் அடைக்காம விட்டுத்தாண்ணே வச்சிருக்கேன். தொட்டி ரொம்பிட்டா கடைக்குள்ள தண்ணி ஏறிடுமே. எல்லாருக்கும் அப்படித்தான் போடுறேன். உங்க நல்லதுக்குதான்" என்றார் கொத்தனார், தாராளமாக.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார்.

"சத்தியமா தெரியாதுங்க சார்."

அதிகாரி ஷட்டரைக் காட்டினார். "கடைய மூடுங்க. அந்த பைப்ப அடைச்சுட்டு சொல்லுங்க. நானே வந்து ஊத்திப் பார்ப்பேன். அப்பவும் வந்துச்சுன்னா சீல்தான்."

ஷட்டரை இறக்கினோம். கொத்தனார் வந்து, முணுமுணுத்துக்கொண்டே பைப்பின் இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து அடைத்தார். கூண்டில் கோழிகள் தின்றுகொண்டே இருந்தன. வாங்க வந்தவர்கள் ஷட்டரைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். காய்ந்துவிட்டதா என்று நான் அடிக்கடி போய்த் தொட்டேன். "கைய வைக்காத, பெயர்ந்து வந்துடப் போகுது" என்று அப்பா அதட்டினார்.

அதிகாரி திரும்ப வந்தார். என்னைத் தெருவில் பைப்புக்கு எதிரே உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் போய்த் தானே தண்ணீர் ஊற்றினார். அப்பா என் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"வருதாம்மா?" உள்ளிருந்து குரல்.

சொட்டு எதுவும் வரவில்லை. ஆனால் சிமென்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. முன்பே இருந்ததா, இப்போது வந்ததா? அப்பா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், சொல்ல வேண்டாம் என்று.

"ஓரத்துல ஈரமா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் வெளியே வந்து குனிந்தார். கோட்டில் விரலை வைத்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு துணியால் அந்த இடத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, உள்ளே போய் இன்னும் இரண்டு பக்கெட் ஊற்றினார். நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடம் துடைத்தபடியே இருந்தது.

"பூச்சு ஈரம்தான், பைப் தண்ணி இல்ல. நாளைக்கு திறந்துக்கங்க" என்றார்.

பைக் முனை திரும்பும் வரை அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை. அப்புறம் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அது தண்ணியா இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

குனிந்து சிமென்டின் ஓரத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். விரலில் ஈரம் ஒட்டவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.