வல்புர்கா என்ற பெயர் எங்கள் மலையில் இருந்த காலம்

கோப்பிச் செடிகள் பூத்து மலை முழுவதும் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில் துரைசானிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கண்டிச் சீமையில் மடுல்கெல்லவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல்காரனாக இருந்தேன். துரையும் துரைசானியும் ஜெர்மன் தேசத்தார். சுற்றியிருந்த தோட்டத்துத் துரைமார் எல்லாரும் ஸ்கொட்லாந்துக்காரர்கள் என்பதால் இவர்கள் வீட்டுக்கு அதிகம் விருந்தாளிகள் வருவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு துரைசானி காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவியை ஆயாவாக வரச் சொன்னார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் பிறந்த பிள்ளைக்குக் காப்பு போடுகிற விசேஷத்துக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை, அவளும் எதிர்பார்ப்பதில்லை. அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தபோது என்னைத் தேடித் திரும்பினாள்.

“கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க” என்றாள்.

குழந்தைக்கு வல்புர்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் முதலில் சமையலறைக்கு வந்தபோது ஏதோ மருந்தின் பெயர் என்றே நான் நினைத்தேன். துரைசானி தேறி வெராந்தாவில் உட்கார ஆரம்பித்த பிறகு ஒருநாள் கோப்பி கொண்டுபோனேன். மிஷன் பள்ளியில் படித்த என் கொஞ்சம் இங்கிலீஷை நம்பி, அது என்ன பெயர் என்று கேட்டேன்.

அவர் சந்தோஷப்பட்டார். யாரும் அதைக் கேட்டதில்லைபோலும். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு கன்னியாஸ்திரியின் பெயராம். ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு வல்புர்கா இருந்ததாம். இப்போது கிழவிகளுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். இளம்பெண்களுக்கு வைத்தால் ஊரே சிரிக்கும் என்றார்.

“பிறகு ஏன் வைத்தீர்கள், அம்மா?”

“என் தாயின் பெயர். நான் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். இங்கே இருந்தால் அந்தப் பெயரை நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். சிரிக்க ஆளில்லை.”

பிறகு அர்த்தமும் சொன்னார். பழைய பாஷையில் அது இரண்டு சொல். முன்பாதிக்கு ஆளுவது என்று பொருள். பின்பாதி கோட்டை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். குழந்தையின் பிஞ்சு விரல்களைத் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“கோட்டைன்னா எதிரி உள்ள வர முடியாதுல்ல?”

“வர முடியாது.”

“அப்ப நல்ல பேரு” என்றாள்.

துரைசானி மகளைச் செல்லமாக வல்லி என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் வல்புர்காவைச் சுருக்கினால் அப்படித்தான் வருமாம். லயத்துச் சனங்கள் காதில் அது வள்ளி என்றே விழுந்தது. மலையில் பிறந்து, கோப்பிக் காட்டில் வளரும் பிள்ளைக்கு வள்ளி என்ற பெயரில் யாரும் அதிசயம் காணவில்லை. “வெள்ளைக்கார வள்ளி எங்க?” என்று கேட்டுக்கொண்டே நாவற்பழமும் கொய்யாவும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளும் ஜெர்மன் பேசும் முன்பே தமிழ் பேசினாள். என் மனைவியின் இடுப்பில் உட்கார்ந்து “ஆயா, வாங்க போவோம்” என்று அதிகாரம் செய்வாள்.

மூன்று வயதில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. கண்டியிலிருந்து குதிரையில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு, இனிக் கடவுள் பாடு என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி கட்டிலை விட்டு நகரவில்லை. வல்லி என்று கூப்பிடாமல் முழுப்பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். “வல்புர்கா, கண்ணத் தொற. வல்புர்கா, ஆயா இங்கதான் இருக்கேன்.” லயத்துப் பெண்கள் பங்களாவின் பின்கட்டில் வந்து நின்று அதைக் கேட்டார்கள். பிள்ளை பிழைத்தது.

“பேருதான் காப்பாத்திருச்சு” என்றார் பெரிய கங்காணியின் மனைவி. என் மனைவி சொல்லியிருந்த கோட்டைக் கதை அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் அவருடைய மகளுக்குப் பெண் பிறந்ததும் அதே பெயரை வைத்தார். பூசாரிக்கு வாயில் நுழையவில்லை. “வள்ளின்னே வச்சிடலாமே, தாயி?” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“வள்ளியில என்னங்க இருக்கு? கோட்டை பின்பாதியிலதானே இருக்கு! முழுசாச் சொல்லுங்க.”

அப்படித்தான் அந்தப் பெயர் லயத்துக்குள் இறங்கியது. பிறந்த பெண்களுக்கெல்லாம் அதுதான். ஒருத்தி வல்புருக்கா, ஒருத்தி வள்ளிபூர்க்கா, ஒருத்தி புருக்காயி. பன்வில பக்கத்துத் தோட்டத்துக்கும் அது போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். மடவளையிலிருந்து வளையல் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, “யா அல்லாஹ், இந்த மலையில வேற பேரே இல்லியா?” என்று தலையில் அடித்துக்கொள்வார். துரைசானியிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கள் ஊரில் இனி யாருக்கும் வேண்டாத பெயர்” என்றார்.

வல்லி பிழைத்த வருஷமே என் மனைவி உண்டானாள். எங்களுக்குப் பெண் பிறந்தது. என்ன பெயர் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என் மகள் கறுப்பாக, நெற்றி அகலமாக, பிடிவாதக்காரியாக இருந்தாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் பெயரை எப்படிக் கூப்பிட்டாலும் ஓடுவார்கள். இவள் மட்டும் நின்று திருத்துவாள். “புருக்கா இல்ல, புர்கா.” சிந்திய கோப்பிப் பூக்களைப் பாவாடையில் அள்ளிவந்து என் சட்டியில் போட்டுவிட்டு, “அப்பா, ருசி பாருங்க” என்பாள். வெராந்தாவிலிருந்து துரைசானி வல்புர்கா என்று குரல் கொடுத்தால் பங்களாவுக்குள்ளிருந்து ஒன்று, சமையலறையிலிருந்து ஒன்று, பின்கட்டில் விளையாடும் லயத்துப் பிள்ளைகளில் இரண்டு மூன்று என்று தலைகள் நீளும். எல்லாருக்கும் பிஸ்கட் கிடைக்கும். என் மனைவி அந்த நாட்களில் லயத்து விசேஷம் எதையும் விட்டதில்லை. காப்பு போட முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

மகளுக்கு நாலு வயது நிரம்புமுன் இந்தியாவிலிருந்து வந்திறங்கி வடக்குப் பாதையால் நடந்து வந்த புதிய கூலி ஆட்களோடு வாந்திபேதி வந்தது. துரை பங்களாக் கதவுகளை அடைத்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். நான் கொதிக்கவைத்தேன். ஓயாமல் அதையேதான் செய்தேன். ஆனாலும் ஒரு காலையில் மகள் பாயில் எழுந்து உட்கார்ந்து, வயிறு வலிக்கிறது என்றாள்.

மத்தியானத்துக்குள் அவள் கண்கள் உள்ளே போய்விட்டன. கஞ்சித் தண்ணீர் கொடுத்தால் அப்படியே வெளியே வந்தது. என் மனைவி அவளை மடியில் கிடத்தி, வல்லியைக் கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள். “வல்புர்கா, அம்மாவப் பாரு. வல்புர்கா.” கடைசியாக ஒருதடவை மகள் “ம்” என்றாள். பொழுது சாயும் முன் எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகும் என் மனைவி கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நான்தான் அவள் வாயைக் கையால் பொத்தினேன். கோப்பிக்குக் கீழே இருந்த சரிவில், சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

அந்தப் பேதியில் லயத்தில் வேறு பிள்ளைகளும் போயின, பெரியவர்களும் போனார்கள். ஆனால் அந்தப் பெயருள்ளவர்களில் போனது என் மகள் ஒருத்திதான்.

அதன் பிறகு நடந்ததை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. காதில்தான் விழுந்தது, அல்லது விழாமல் போனது. பொழுதோடு பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடும் குரல்களில் மாரியம்மன் பெயர் கேட்டது, காளியம்மன் பெயர் கேட்டது. எங்கள் பெயர் இல்லை. பூசாரியைக் கூட்டிவந்து, ஒவ்வொரு வீட்டாராக மஞ்சள்தண்ணீர் தெளித்துப் பெயரை மாற்றிவிட்டார்கள். கோட்டை என்று சொன்ன பெயரே அதை வைத்திருந்த பிள்ளையைக் காக்கவில்லை என்றால், அந்தப் பெயரில் ஏதோ இருக்கிறது என்று பயந்தார்கள். யாரைக் குறை சொல்ல முடியும்?

ஒருநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போன என் மனைவி, லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அறையில் இருந்தவள் தன் மகளை வேறு பெயரில் கூப்பிட்டதைக் கேட்டாள். விறகுக்கட்டோடு பின்னால் வந்த நானும் கேட்டேன். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் ஓடிவந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.”

“கோவம் எதுக்கு? நீ செஞ்சதுதான் சரி” என்றாள் என் மனைவி. குடத்தைக் கீழே வைத்தாள். “ஒரே ஒரு தடவ பழைய பேரச் சொல்லிக் கூப்பிடுறியா? நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்.”

அவள் திரும்பி மலையைப் பார்த்து நின்றாள். அந்தப் பெண் மகளைத் தன் காலோடு அணைத்துக்கொண்டாள். பெயரைச் சொல்லாமலே, அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் மனைவி திரும்பாமல் காத்துக்கொண்டே நின்றாள். “போய்ட்டா, வா” என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பங்களாவிலும் துரைசானி எங்கள் முன்னால் மகளை வல்லி என்றுதான் கூப்பிட்டார், அதையும் மெதுவாக. எங்கள் மனம் நோகக்கூடாது என்று அப்படிச் செய்தார். என் மனைவி சில நாள் பொறுத்தாள். பிறகு நேரே போய்க் கேட்டாள்.

“அம்மா, முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுங்க. இந்த மலையில இனி நீங்க ஒருத்தர்தான் சொல்லணும்.”

துரைசானி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். வல்லி ஓடிவந்தாள். என் மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி நின்று அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டாள். அதன்பின் தினமும் அந்தக் குரலுக்காகவே பங்களாவில் வேலை செய்தாள் என்று சொல்லலாம்.

அதுவும் நிலைக்கவில்லை. கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடி படிய ஆரம்பித்தது. முதலில் ஒரு சரிவில், பிறகு எல்லாச் சரிவிலும் இலை கொட்டிச் செடிகள் குச்சியாக நின்றன. துரை தோட்டத்தைக் கைவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். கண்டி ரயில் நிலையம் வரை நாங்களும் மாட்டு வண்டியில் போனோம். வல்லி அப்போது நல்ல உயரமாக வளர்ந்திருந்தாள். ரயில் பெட்டிக்குள்ளிருந்து, “ஆயா, நீங்களும் வாங்க. எடம் இருக்கு” என்றாள். என் மனைவி சன்னல் வழியாக அவள் கன்னத்தைத் தடவி, “வல்புர்கா, நல்லாச் சாப்பிடணும்” என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் திரும்பி மலைக்குப் போகவில்லை. கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. பின்னால் ஒரு சிறிய அறையும் கொடுத்தார்கள். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலில், புதிதாக அறிமுகமான செட்டியார் வீட்டம்மா ஒருவர் என் மனைவியிடம் பிள்ளைகுட்டி உண்டா என்று விசாரித்தார். இல்லை என்று சொல்வாளென நான் நினைத்தேன்.

“ஒரு பொண்ணுங்க” என்றாள்.

“பேரு?”

சொன்னாள். அந்த அம்மாளுக்குப் பிடிபடவில்லை. காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டார். என் மனைவி ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக மறுபடி சொன்னாள்.